இறுக்கமான வெட்சூட்டைச் சிரமமின்றி அணிவது எப்படி?

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்கச் சென்ற முதல் நாளில், நீரில் குளிர் தாக்காமலிருக்க அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டை இடுப்பு வரை ஏற்றுவதற்குள்ளாகவே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. எவ்வளவு இழுத்தும் தோளில் அது ஏறவில்லை. அளவு சிறியது என்று முடிவுகட்டி வேறொன்று கேட்டபோது, பயிற்சியாளர் என் தோளைப் பார்க்காமல் தொடையைப் பார்த்து, “சைஸ் சரியாத்தான் இருக்கு. கவட்டுல நாலு விரல் இடைவெளி விட்டிருக்கீங்க, அதை முதல்ல மேல ஏத்துங்க” என்றார். அவர் சொன்னபடி கணுக்காலிலிருந்து மறுபடியும் ஏற்றி வந்தபோது, அதே உடை அதே தோளில் எளிதாக அமர்ந்தது. தோளில் தெரியும் இறுக்கத்திற்குப் பெரும்பாலும் காலில்தான் காரணம் இருக்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கீழே சொல்லப்போகும் முறை முழுவதும் அதையே அடிப்படையாகக் கொண்டது.

இந்த உடை ஏன் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் நம் உடல் வெப்பத்தைக் கடத்திச் சென்றுவிடும் என்பதால், வெதுவெதுப்பான கடலிலும் நெடுநேரம் மூழ்கியிருப்பவருக்குக் குளிரெடுக்கும். நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்களே அந்த வெப்ப இழப்பைத் தடுக்கின்றன. உடைக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் மட்டும் தங்க வேண்டும். உடை தளர்வாக இருந்தால் ஒவ்வோர் அசைவிலும் புதிய குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து, அணிந்ததன் பயனே இல்லாமல் போகும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் உருவாக்கிய காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. அந்நாளைய உடைகளில் உள்புறத் துணி இல்லாததால், வெறும் ரப்பர் தோலில் ஒட்டிக்கொள்ளும்; உடம்பெல்லாம் முகப்பவுடர் போன்ற டால்க் தூவிக்கொண்டுதான் அணிவார்கள், அப்படியும் இழுத்தால் கிழிந்துவிடும். பிற்காலத்தில் உள்ளே நைலான் துணி ஒட்டப்பட்டதால் நமக்கு வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது.

அணியத் தொடங்குமுன் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். உடலும் உடையும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் இரண்டும் நன்றாக நனைந்திருக்க வேண்டும். வியர்வையால் பாதி ஈரமான உடல்தான் மிகவும் மோசமாக ஒட்டும். ஆகவே நிழலில் உட்கார்ந்து அணியுங்கள். ஜிப் முதுகுப் பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, அதை முழுவதுமாகத் திறந்து, மேற்பகுதியை இடுப்பு வரை உள்புறம் வெளியே தெரியும்படி மடித்து இறக்கிவிடுங்கள்.

இப்போது கால். இந்தக் கட்டத்திற்கு மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் ஒதுக்கினாலும் தவறில்லை. குதிகாலும் பாதமும் உடையின் குறுகலான கால் விளிம்பில் சிக்குவதே முதல் தடை என்பதால், பாதத்தில் மெல்லிய நைலான் காலுறையோ வழுவழுப்பான பையோ மாட்டிக்கொண்டு நுழைத்தால் சட்டென்று வழுக்கிச் செல்லும். பல நாடுகளில் இதற்குப் பிளாஸ்டிக் கைப்பையையே பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் அதற்குத் தடை இருப்பதாலும், படகில் காற்றடித்தால் அது நேராகக் கடலுக்குத்தான் போகும் என்பதாலும், காலுறையையே நான் வற்புறுத்துவேன். பாதம் வெளியே வந்ததும் உடையின் விளிம்பைக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். பிறகு விரல் நுனியால் பிடித்து இழுக்காமல், விரல்களின் சதைப்பகுதியால் துணியைச் சிறு மடிப்பாகக் கவ்வி, கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி நகர்த்துங்கள். நகம் பதிந்த இடத்தில் நியோபிரீன் பிறை வடிவில் கிழியும். வாடகை உடைகள் பலவற்றில் அந்தத் தழும்புகளைக் காணலாம்.

முழங்கால் பட்டை முழங்காலின் மேல் அமர்ந்திருக்கிறதா, தையல் முறுக்கிக்கொள்ளாமல் நேராக ஓடுகிறதா என்று பார்த்த பின்னரே தொடைக்குச் செல்லுங்கள். இரண்டு கால்களும் முடிந்ததும் எழுந்து நின்று, இரண்டு மூன்று முறை குந்தி எழுங்கள். கவட்டில் இடைவெளி தெரிந்தால் அங்கே பிடித்து இழுக்காமல், மீண்டும் கணுக்காலிலிருந்தே துணியை மேலேற்றிக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டு இந்த இடத்தைத் தாண்டிச் சென்றவர்கள்தான் தோளில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள்.

கைகளுக்கும் அதே முறைதான். காலுறையைக் கையில் மாட்டி நுழைத்து, மணிக்கட்டு, முழங்கை, அக்குள் என்ற வரிசையில் ஏற்றுங்கள். அக்குளில் துணி தொங்காமல் இருந்தால் தோள் தானாக ஏறும். ஜிப்பைப் போடும்போது தோள்களைப் பின்னுக்குத் தள்ளி நெஞ்சை நிமிர்த்துங்கள். உடன் வந்தவர் முடியையும் உள்மடிப்பையும் விலக்கிவிட்டு, ஜிப்பின் அடிமுனையை ஒரு கையால் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜிப்பை மேலே இழுக்கலாம்.

கழுத்துப் பகுதியில் மட்டும் இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்தின் பக்கவாட்டு நாடிகளில் அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பு குறைந்து தலைசுற்றல் வரக்கூடும். ஆழமாக மூச்சை இழுக்க முடியாவிட்டாலும், தலை கிறுகிறுத்தாலும் உடனே ஜிப்பைத் திறந்து வேறு அளவைக் கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் ஏறாவிட்டால், உள்ளே லைக்ரா என்னும் நீளும் துணியாலான, ராஷ் கார்டு எனப்படும் உடலை ஒட்டிய மெல்லிய சட்டையை அணிந்து பாருங்கள்; என் அனுபவத்தில் அதுவே மிகச் சிறந்த உதவி. அதுவும் இல்லையென்றால் தண்ணீரில் நன்கு கலக்கிய சிறிதளவு ஹேர் கண்டிஷனரைக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் தடவலாம். தேங்காய் எண்ணெய் வழுக்குமே என்று நம்மவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் எண்ணெயும் வாசலினும் நியோபிரீனில் ஊறி எளிதில் போகாமல், நாளடைவில் ரப்பரையும் ஒட்டுப்பசையையும் கெடுக்கக்கூடியவை. வாடகை உடை என்றால் அடுத்தவருக்கும் அந்தப் பிசுபிசுப்பு மிஞ்சும்.

நம் வெயிலில் முழுதாக அணிந்து காத்திருப்பது உடலைச் சூடேற்றிக் களைப்படையச் செய்யும். நீங்கள் நீரில் இறங்க வேண்டிய இடத்தைப் படகு நெருங்கும் வரை மேற்பாதியை இடுப்பில் தொங்கவிட்டு, இடையிடையே தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள்.

கரையேறியதும், உடல் ஈரமாக இருக்கும்போதே தோளிலிருந்து உரித்தாற்போல் உள்புறம் வெளியே வரும்படி கழற்றுங்கள். உப்பு படிந்து காய்ந்த நியோபிரீன் விறைத்துப்போய் மறுமுறை அணிவதைக் கடினமாக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் இருபுறமும் அலசி, தடித்த கம்பில் இடுப்புப் பகுதி மடியும்படி போட்டு நிழலில் உலர்த்துங்கள். ஜிப்பின் பற்களைத் தனியே கழுவி, அதற்கென விற்கும் மெழுகை மாதம் ஒருமுறை தேய்த்து வைத்தால், படகில் பின்னால் நின்று ஜிப்பை இழுப்பவருக்கும் வேலை எளிதாகும்.