நெட் போனாலும் கேம் ஓட வேண்டுமா? கன்சோலை இப்போதே தயார் செய்து வையுங்கள்

நாலு பேரோடு சேர்ந்து ஆடும் கேமுக்கு நெட் வேண்டும், சரி. தனியாக உட்கார்ந்து கதையை முடிக்கிற கேமுக்கு எதற்கு? 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நெட்டில் இணைந்தே ஆக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. எதிர்ப்பு தாங்காமல், கன்சோல் கடைக்கு வருவதற்கு முன்பே, அந்த ஜூன் மாதமே விதியைக் கைவிட்டது. ஆனால் டிஜிட்டலாக வாங்கிய கேம்களில் உரிமச் சோதனை (கேம் உங்களுடையதுதானா என்று நெட்டில் சரிபார்ப்பது) இன்னும் இருக்கத்தான் செய்கிறது, அதைச் சமாளிக்கும் செட்டிங்கை நெட் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். நெட் போன பிறகு தேடிப் பயனில்லை.

பிளேஸ்டேஷன் 5-ல் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் என்று போனால் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே' இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஒரு கணக்குக்கு ஒரு பிஎஸ்5-ல்தான் இது வேலை செய்யும், அதனால் பழைய கன்சோலை விற்பதாக இருந்தால் முதலில் அதில் ஆஃப் செய்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸில் இதே வேலையைச் செய்வது 'மை ஹோம் எக்ஸ்பாக்ஸ்' என்ற செட்டிங்.

டிஸ்க் இருந்தால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். பல கேம்கள் டிஸ்க்கில் அரைகுறையாகத்தான் வருகின்றன, மீதி டவுன்லோடில். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் 'கேம் கீ கார்டு' வகையில் கார்டுக்குள் கேமே கிடையாது, முதல்முறை நெட்டிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். பிஎஸ்5 ஸ்லிம்முக்குத் தனியாக வாங்கும் டிஸ்க் டிரைவைக்கூட முதலில் ஒருமுறை நெட் வழியாகத்தான் பதிவு செய்ய முடியும் (ஒரு டிரைவுக்கு இது எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை). கேம் பாஸ், பிஎஸ் பிளஸ் போன்ற சந்தாவில் கிடைக்கும் கேம்கள் உங்கள் சொத்து இல்லை, அவ்வப்போது நெட்டில் சோதித்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் செட்டிங்ஸில் நெட்டைத் துண்டித்து, கன்சோலை முழுதாக அணைத்துப் போட்டு, ஒவ்வொரு கேமையும் திறந்து பாருங்கள். மெனு வந்தால் போதாது, பழைய சேவ் லோடு ஆகி ஆட்டம் நகர வேண்டும். பூட்டுக் குறி தெரிந்தால் மேலே சொன்ன செட்டிங்கை மறுபடி பாருங்கள்.

அப்புறம், எந்த செட்டிங்காலும் காப்பாற்ற முடியாத கேம்களும் உண்டு. தனியாக ஓட்டினாலும் சர்வர் கேட்கும் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை அதன் நிறுவனமான யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் மூடியது, காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. 2022 மார்ச்சில் 'கிரான் டூரிஸ்மோ 7' என்ற இன்னொரு கார் பந்தய கேமின் சர்வர் பராமரிப்பு ஒரு நாளுக்கு மேல் இழுத்தபோதும் தனியாக ஆடும் பகுதியில் பெரும்பாலானது பூட்டியே கிடந்தது. அதனால் வாங்குவதற்கு முன் பெட்டியின் பின்புறத்திலோ ஸ்டோர் பக்கத்திலோ 'இன்டர்நெட் கட்டாயம்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழு விலை கொடுக்காதீர்கள், வாடகைக்கு எடுப்பதாக நினைத்து அந்த அளவுக்கு விலை இறங்கும்போது மட்டும் வாங்குங்கள்.