கைமாவைக் கழுவாதீங்க: வேலை நாள் ராத்திரி பீஃப் சாப்பாட்டில் நடக்கும் தவறுகள்

ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ரூமுக்கு வருகிற ஆளுக்கு இதைவிடச் சுலபமான கறிச் சாப்பாடு கிடையாது. அரைக்கிலோ மாட்டுக்கறி கைமா, பூண்டு, இஞ்சி, சோயா சாஸ், ஒரு கட்டு வெங்காயத்தாள். குக்கரில் சாதம் வேகிற நேரத்துக்குள் கறி ரெடி. கொரியாக்காரர்கள் போல சோயாவும் சர்க்கரையும் சேர்த்து, ஜப்பான்காரர்கள் போல சாதத்தின் மேல் பரப்பி, தாய்லாந்துக்காரர்கள் போல உச்சியில் ஒரு பொரித்த முட்டை வைக்கிற கலவை இது. எந்த நாட்டுக்காரரும் இதை எங்க சமையல் என்று உரிமை கொண்டாட மாட்டார். தட்டு காலியாவதற்கு அது தடையும் இல்லை.

ஓசூரில் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் கடாய் பிடித்தவன் நான். இப்போது பக்கத்து போர்ஷனில் சிப்காட் வேலைக்கு வந்த பசங்க மொபைலை மிக்சி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இதே ஐட்டத்தைச் செய்கிறார்கள். ஆரம்பத்தில் நான் சறுக்கின அதே இடங்களில் வரிசையாகச் சறுக்குகிறார்கள். உப்பு கூடிவிட்டது, பூண்டு கருகிவிட்டது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை அவரவர் நாக்கே சொல்லிக் கொடுத்துவிடும். வீடியோவில் சொல்லாத சங்கதிகள்தான் இங்கே.

கைமாவைக் கழுவுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

சேலத்துப் பக்கமிருந்து வந்த தம்பி ஒருத்தன். கைமா கவரைப் பிரித்தான், பிளாஸ்டிக் வடிதட்டில் கொட்டினான், குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். செக்கச்செவேலென்று தண்ணீர் ஓடுகிறது. "என்ன தம்பி பண்ற?" என்றேன். "ரத்தம் போகணும்ல ண்ணா" என்றான். தண்ணீர் தெளிகிறவரை விடவில்லை. பொடிப்பொடிக் கறி ஓட்டை வழியே இறங்கி சிங்க் அடைத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போயாச்சு. மிச்சத்தைத் துவைத்த துணி போலப் பிழிந்து கடாயில் போட்டான்.

முதலில், அது ரத்தமே இல்லை. அறுக்கும்போதே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடும். கறியில் நாம் பார்க்கிற சிவப்பு மயோகுளோபின் என்கிற புரதம். கறிக்குள் இருக்கிற தண்ணீரோடு கலந்து கசிகிறது. அதைக் கழுவினால் ருசியும் கூடவே போகும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் அடுப்பில். துண்டுக்கறியைக் கழுவினால் மேலே மட்டும்தான் ஈரம், ஒரு துணியால் ஒற்றினால் போச்சு. கைமாவில் அப்படி இல்லை. ஒவ்வொரு பொடித் துண்டைச் சுற்றியும் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும், பிழிந்தாலும் வராது. கறியின் மேற்பரப்பு சுமார் 140 டிகிரிக்குச் சூடேறினால்தான் பழுப்பாக முறுகி அந்த வறுத்த வாசனை வரும். தண்ணீர் நிற்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆக, வறுக்க வேண்டிய கறி வெந்நீரில் வேகிறது. சாம்பல் நிறத்தில், ரப்பர் உருண்டையாக.

தம்பிக்கும் அதுதான் ஆனது. கடாயில் தண்ணீர் ஏறி நின்றது. பயந்துபோய் சோயா சாஸை ஊற்றினான், அதுவும் தண்ணீர்தானே. கெட்டியாகட்டும் என்று கார்ன்ஃப்ளாரைக் கரைத்து விட்டான். வீட்டு ஓனருக்கு வாசனை போய்விடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, தீயையும் சிம்மில் வைத்திருந்தான். வாடகை ரூமில் மாட்டுக்கறி சமைக்கிறவர்களின் இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிம்மில் வைத்தால் வாசனை குறையாது, அரை மணி நேரம் கூடுதலாக வீசும். பெரிய தீயில் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவதுதான் அதற்கும் நல்லது. கடைசியில் கறுப்புக் கூழ் ஒன்று வந்தது. பசி, தின்றார்கள்.

"கழுவாம எப்படி ண்ணா, சுத்தம் வேணாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குழாய்த் தண்ணீரில் கிருமி சாகாது. சிங்க், குழாய்த் திருகு, பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்தாள் என்று எல்லாவற்றின் மேலும் தெறிக்கும். துண்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே முழுக்கக் கலந்துவிடும், அதை எந்தக் கழுவலும் எடுக்க முடியாது. வேகவைத்தால்தான் சாகும். அமெரிக்க வேளாண் துறை கைமாவுக்குச் சொல்கிற கணக்கு 71 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாத நமக்கு: எந்த உருண்டையைப் பிட்டாலும் உள்ளே சிவப்போ இளஞ்சிவப்போ தெரியக் கூடாது. அந்தச் சூடு வருவதற்கு முன்பே நிறம் மாறிவிடுவதும் உண்டு, அதனால் நிறத்தை மட்டும் நம்பி உடனே இறக்காதீங்க.

கழுவத் தூண்டுகிற ஒரு நிஜக் காரணமும் இருக்கிறது. நம் கறிக்கடைகளில் இருப்பது புளியங்கட்டை. அதில் வைத்துக் கத்தியால் கொத்திக் கொடுக்கும்போது மரச்சிராயும் எலும்புத் தூளும் சேர்ந்து வரும். ஆகவே கழுவ வேண்டியது கைமா ஆவதற்கு முன்னால். "பாய், துண்டாவே கழுவி, தண்ணி வடிஞ்சப்புறம் மெஷின்ல போட்டுக் குடுங்க" என்று கேளுங்க. கூட்டமில்லாத நாளில் செய்து கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அன்றைக்குத் துண்டாக வாங்கி வந்துவிடுங்க. வீட்டில் தெறிக்காமல் கழுவி, சுத்தமான துணியில் ஒற்றி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தால் கறி விறைக்கும். பிறகு மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்க. விறைக்காத கறியை ஓட்டினால் கைமா வராது, விழுது வரும்.

கழுவித் தொலைத்தாச்சா? அன்றைக்கு சோயா சாஸ் பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்க. ராயக்கோட்டைத் தக்காளி நாலு, உருளைக்கிழங்கு இரண்டு, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டுக் குழம்பாக வைத்துவிடுங்க. குழம்புக்கு ஈரம் குற்றமில்லை.

எந்த இடத்துக் கறி

கைமா என்று மட்டும் கேட்டால் காலும் சவ்வும் கலந்து வரும். குக்கரில் நாலு விசில் விடுகிறவர்களுக்கு அது பரவாயில்லை, மசிந்துவிடும். பத்து நிமிஷச் சமையலில் அந்தச் சவ்வு பல்லில் சிக்கும். தொடைச் சதை, ஜவ்வு எடுத்தது, மெஷினில் இரண்டு தடவை ஓட்டியது என்று கேட்டு வாங்குங்க. எருமைக்கறி என்றால் கொழுப்பு குறைவு. அதற்குக் கொஞ்சம் கொழுப்பும் சேர்த்து அரைக்கச் சொல்லுங்க, இல்லாவிட்டால் எண்ணெயைத் தாராளமாக விடுங்க.

குக்கர்

எடுக்காதீங்க. சாதத்துக்கு மட்டும்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டுவது

கடை பர்னர் வேறு, வீட்டு அடுப்பு வேறு. கடையில் தீ கடாயைச் சுற்றி மேலேறும், ஒரு கிலோ கொட்டினாலும் சூடு இறங்காது. வீட்டு கேஸ் அடுப்பில் அரைக்கிலோவைக் கொட்டினால் கடாய் குளிர்ந்து, கழுவாத கறியே தண்ணீர் விடும். கனமான இரும்புக் கடாயைப் புகை தட்டுகிறவரை காயவையுங்க. பாதிக் கறியைப் போட்டுப் பரப்பி, இரண்டு நிமிஷம் கரண்டியைக் கீழே வையுங்க. இந்த இரண்டு நிமிஷம்தான் பசங்களுக்குப் பெரிய தண்டனை, கை சும்மா இருக்காது. முதலில் புஸ்ஸென்று கேட்கிற சத்தம் ஈரம் வற்ற வற்றச் சடசடவென்று மாறும், அப்போது புரட்டலாம். அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் சரி. அதை எடுத்து வைத்துவிட்டு மீதிப் பாதி.

உப்பை முன்கூட்டிப் பிசைந்து வைக்கிற பழக்கமும் வேண்டாம். உப்பு புரதத்தை இளக்கி ஒட்ட வைக்கும். கோலா உருண்டைக்கு அது வேண்டும், உதிரியாக வர வேண்டிய இதற்குக் கூடாது.

ஆப்ப சோடா பற்றிக் கேட்பார்கள். உபயோகமானதுதான். அரைக்கிலோவுக்குக் கால் டீஸ்பூன், ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பிசறி பதினைந்து நிமிஷம் வைத்தால் கறி தண்ணீர் விடுவது குறையும், நிறமும் சீக்கிரம் ஏறும். அளவு தாண்டினால் சோப்பு வாசம் அடிக்கும்.

பாட்டில் இஞ்சி பூண்டு விழுது

வேண்டாம். எட்டுப் பல் பூண்டு நசுக்க எத்தனை நேரம் ஆகிவிடும்? பாட்டிலில் உப்பும் புளிப்பும் தண்ணீரும் சேர்ந்தே வருகிறது.

சாஸை முதலிலேயே ஊற்றுவது

வறுபட்ட கறியைக் கடாயில் ஓரமாகத் தள்ளி, நடுவில் பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய் வதக்கி, வாசனை வந்த பிறகுதான் சாஸ். இரண்டு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டேபிள்ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, ஒரு டீஸ்பூன் வினிகர். மூன்றையும் முன்பே கிண்ணத்தில் கலந்து வைத்துக்கொள்ளுங்க. சர்க்கரை சேர்ந்திருப்பதால் ஒரு நிமிஷத்துக்கு மேல் பெரிய தீயில் நின்றால் கசக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் சாதாரண சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, தனி உப்பு போடுவதற்கு முன் நாக்கில் வைத்துப் பாருங்க. கார்ன்ஃப்ளார் போடுவதானால் ஒரே டீஸ்பூன், பச்சைத் தண்ணீரில் கரைத்து. சூடான கடாயில் மாவாகத் தூவினால் கட்டி தட்டும்.

நல்லெண்ணெயில் தாளிப்பது

கொரிய, சீன வீடியோக்களில் கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுகிற எண்ணெய் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள். வாசனையே வேறு. நல்லெண்ணெயை ஊற்றி ஆரம்பித்தால் புளிக்குழம்பு ஞாபகம்தான் வரும். கடலெண்ணெயில் சமைத்துவிட்டு, ஒரு ஸ்பூன் எள்ளை வெறும் கடாயில் வறுத்து, கையால் கசக்கித் தூவுங்க. அந்த வாசனைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

துளசி

தாய்லாந்து வீடியோவில் போடுகிறார்களே என்று மாடத்துத் துளசியைப் பறிக்காதீங்க. செடி ஒரே இனம்தான். வீட்டில் சண்டை வரும். வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் போதும், உழவர் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாங்கி வியாழக்கிழமை சமைப்பது

ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கைமா இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. துண்டுக்கறி கணக்கை இதற்குப் போடாதீங்க. வாங்கிய அன்றே கால் கிலோவாகப் பிரித்து, கவரில் விரல் கனத்துக்குத் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் வையுங்க. உருண்டையாக வைத்தால் நடுவில் கல்லாக நிற்கும், பசங்க அதை வெந்நீரில் போடுவார்கள், மறுபடியும் தண்ணீர்க் கதை. தட்டையாக இருந்தால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும், ராத்திரி தயாராக இருக்கும். மேடையில் வெளியே வைத்துவிட்டுப் போகாதீங்க. ஓசூர் குளிர் ஊர்தான். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறி வெளியே இருக்கக் கூடாது. தர்மபுரி சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

சாதம்தான் வேண்டும் என்று நிற்பது

பொன்னி அரிசியைக் குழையாமல் வடித்தால் போதும், ஜப்பான் அரிசி தேடி பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு இது கேழ்வரகுக் களியோடுதான் பிடிக்கும். பாலக்கோட்டில் என் மாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு இன்னொரு கரண்டி கேட்டார். களிக்குச் செய்கிற அன்றைக்கு மட்டும் கால் டம்ளர் வெந்நீர் கூடுதலாக விட்டு, கார்ன்ஃப்ளாரில் சாற்றைத் தளர இறக்குங்க. களியை யாரும் மெல்லுவதில்லை, உருட்டி முழுங்குகிறோம். உலர்ந்த கைமா தொண்டையில் நிற்கும்.