“அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, மறைக்கிறீங்க”: ஆஸ்பத்திரியில் வரும் திடீர்க் குழப்பமும் நாங்கள் செய்த தவறுகளும்

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்: “அப்பா போயிட்டார்னு எனக்குத் தெரியும்டி. எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?”

அப்பா அந்த நேரத்தில் கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதோடு நிற்கவில்லை. டிரிப்ஸில் எதையோ கலக்கிறார்களாம். வார்டு பையன் வாசலில் நின்று அவளையே பார்க்கிறானாம். பத்திரத்தில் கைநாட்டு வாங்கத்தான் அண்ணன் அவளை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறானாம். 76 வயது. போன வாரம் வரை பால் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் மனசிலேயே வைத்திருந்தவள்.

இதை டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். ஐசியூவில் வந்தால் சிலர் ஐசியூ சைக்கோசிஸ் என்பார்கள். கடும் ஜுரத்தில் பிதற்றுவதை நம் பாட்டிமார் ஜன்னி என்றார்களே, அதற்கு இது நெருங்கிய சொந்தம். உடம்பில் எங்கோ கிளம்பிய கோளாறு மூளையைப் போய்த் தட்டுகிறது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று வரும். காலையில் தெளிவாகப் பேசுவார்கள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தடுமாறுவார்கள். ஒரு கேள்வியைப் பிடித்து நிற்கக் கவனம் இருக்காது. வருஷக்கணக்கில் மெதுவாக வளரும் மறதி நோயிலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது இந்தத் திடீர்த்தன்மையும் ஏற்ற இறக்கமும்தான். ஏற்கெனவே மறதி நோய் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும்.

அந்த ஒரு வாரத்தில் நானும் அண்ணனும் செய்யாத தவறு பாக்கி இல்லை.

“வயசானா அப்படித்தான்”

முதல் நாள் சாயங்காலமே அம்மா சுவரில் எறும்பு ஊர்கிறது என்றாள். “மயக்க மருந்து இன்னும் தெளியல” என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சிஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்றரை நாள் அதில் போயிற்று.

டியூட்டி டாக்டருக்கு அம்மாவை முன்னேபின்னே தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது உளறுகிற ஒரு வயதான பெண். இவள் நேற்று மதியம் வரை இப்படி இல்லை என்பதைச் சொல்ல, நோயாளியோடு கூடவே இருக்கும் வீட்டு ஆளான அட்டெண்டரை விட்டால் அங்கே ஆள் கிடையாது. டாக்டருக்கு மிகவும் தேவைப்படும் தகவலும் அதுதான். ஆகவே “அம்மா ஒருமாதிரி இருக்காங்க” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். “நேத்து மதியம் வரைக்கும் சரியா இருந்தாங்க, இது புதுசு” என்று சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எந்த நேரம் கூடுகிறது, தூங்கினாரா, சிறுநீர் போனாரா, மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று, புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று குறித்து வையுங்கள். நான் மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் அதை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

இதையெல்லாம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை இறங்குவது, நீர்ச்சத்துக் குறைவு, அடங்காத வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, தூக்கமின்மை என்று எதுவும் இதைக் கிளப்பிவிடும். பெரும்பாலும் ஒன்றுக்கு மூன்றாகச் சேர்ந்தே வரும். “உப்பு குறைஞ்சிருச்சு” என்று ஊரில் சொல்கிறோமே, அந்தச் சோடியம் குறைவும் இதில் பெரிய ஆள். பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளாலேயே அது குறையும். அதற்காக மோரில் உப்பைக் கரைத்து டம்ளர் டம்ளராகக் கொடுக்கிற வேலை வேண்டாம். எதனால் குறைந்தது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். சோடியத்தை வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்து என்பதால், எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. கத்த மாட்டார், சந்தேகப்பட மாட்டார். கூப்பிட்டால் மெல்லக் கண்ணைத் திறப்பார், வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்திருப்பார். “பாவம், அசந்து தூங்கறார்” என்று நாமும் சந்தோஷப்படுவோம். அதுவும் டெலிரியம்தான். சத்தம் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், இவர்தான் யார் கண்ணிலும் படாமல் போவார். எழுப்பியும் எழாவிட்டால், பேச்சு குழறி ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், மூச்சு வாங்கினால், ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நிமிஷமே கூப்பிடுங்கள்.

சாட்சி வைத்து வாதாடுவது

அண்ணன் அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவன். எதற்கும் ஆவணம் காட்டியே பழக்கம். “அப்பா உயிரோடதாம்மா இருக்கார், இந்தா பாரு” என்று வீடியோ காலில் அப்பாவைப் பிடித்துக் காட்டினான். அம்மா ஒரு நொடி பார்த்துவிட்டு, “இது பொங்கலுக்கு எடுத்த வீடியோ” என்றாள். அவன் குரலை உயர்த்தினான், அவளும் உயர்த்தினாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் வாசல்பக்கம் போய்க் குசுகுசுவென்று பேசினோம். தன்னைப் பற்றித்தான் சதி பேசுகிறார்கள் என்று நம்புகிற ஒருவர் பார்க்கிற மாதிரி, வாசலில் நின்று குசுகுசு. இதைவிடப் பெரிய உதவியை அந்தச் சந்தேகத்துக்கு யாரும் செய்திருக்க முடியாது.

மறுநாள் நான் எதிர்த்திசையில் போனேன். “ஆமாம்மா, அந்தப் பையன்மேல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன்” என்றேன். அப்போதைக்கு அடங்கினாள். அரை மணி கழித்து அதே பையன் பெட்ஷீட் மாற்ற வந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நானும் அவர்கள் கட்சி ஆகிவிட்டேன்.

மறுக்கவும் வேண்டாம், ஒத்து ஊதவும் வேண்டாம். பயம் மட்டும் நிஜம், அதற்குப் பதில் சொன்னால் போதும். “பயமா இருக்காம்மா? நான் இங்கேயே இருக்கேன். இது ஆஸ்பத்திரி. வழுக்கி விழுந்தே இல்ல, இடுப்புல ஆபரேஷன் பண்ணியிருக்கு.” சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் மௌனம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்தில் திரும்பக் கேட்பாள். திரும்ப அதையேதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நான்காம் நாள்தான் உறைத்தது. அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் தாலிக்கொடி, மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்கள். சித்தி கூட இருந்திருந்தால் உடனே ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டிருப்பாள். எனக்குத் தோன்றவே இல்லை. வெறும் கழுத்து, வெறும் கை, மருந்து மயக்கம். அவள் வேறென்ன முடிவுக்கு வருவாள்? கீழே போய் மஞ்சள் கயிறு வாங்கிவந்து சிஸ்டரைக் கேட்டுக்கொண்டு கட்டினேன்.

நகைப்பையைத் திறந்தபோது அடியில் இன்னொன்றும் கிடைத்தது. அவளுடைய மூக்குக்கண்ணாடி. நாலு நாளாக அவளுக்கு எல்லாமே மங்கல். வாசலில் நின்ற பையனுக்கு முகமே இருந்திருக்காது.

கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் பத்திரம் என்று பூட்டி வைப்பது சாதாரணமாகத் தெரியும் பெரிய தவறு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோயி என்ற டாக்டரின் குழு, 70 வயதும் அதற்கு மேலுமான 852 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 1999-ல் வெளியிட்டது. கண்ணாடியும் காது மெஷினும் கைக்கெட்டும்படி வைப்பது, இன்று என்ன கிழமை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வது, தண்ணீர் குடிக்க வைப்பது, கூடிய சீக்கிரமே படுக்கையை விட்டு எழுந்து நடக்க வைப்பது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடாக ஏதாவது கொடுத்து முதுகைத் தடவிவிடுவது. இவ்வளவுதான் அதன் சாரம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம் பேருக்கு. இவற்றில் முக்கால்வாசி வேலையை ஓர் அட்டெண்டரே செய்யலாம். நடக்க வைப்பதை மட்டும் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு செய்யுங்கள்.

“நான் யாருன்னு சொல்லு பாப்போம்?”

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வருகிற உறவினர்கள் ஒவ்வொருவரும் இந்தப் பரீட்சையை வைப்பார்கள். தப்பாகச் சொன்னால் சிரிப்பு வேறு. தோற்றுக்கொண்டே இருக்கிறவருக்குப் பயம்தான் ஏறும். உள்ளே வரும்போதே “அத்தை, நான் குமாரு, திருவாரூர்லேருந்து வந்திருக்கேன்” என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். கூட்டத்தைக் குறையுங்கள். கூட இருப்பவர்களும் ஷிப்டு ஷிப்டாக ஏழெட்டு முகம் மாறாமல், இரண்டு மூன்று பேருக்குள் இருந்தால் நல்லது.

பரீட்சை வைக்கும் உரிமை டாக்டருக்கு மட்டும்தான். ‘4ஏடி’ என்ற சின்னச் சோதனையில் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள், கவனம் நிற்கிறதா என்று பார்க்க. அம்மாவுக்கு டிசம்பர், நவம்பர் எல்லாம் நல்ல நாளிலேயே வராது. பங்குனி, மாசி என்று கேளுங்கள் என்று நான்தான் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு அப்படியே கேட்டார். பங்குனி, மாசி, தை, அப்புறம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டாள்.

மருந்தை மறைப்பது, இரண்டு விதத்திலும்

சாப்பிட மறுக்கிறாள் என்று மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்தேன். இரண்டாவது கவளத்தில் கசப்புத் தட்டிவிட்டது. விஷம் வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அத்தாட்சியைக் கையில் கொடுத்தது நான்தான். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது என்பது வேறு. பிறகு ஒரே பாத்திரத்திலிருந்து நான் ஒரு வாய், அவள் ஒரு வாய் என்று ஊட்டினேன். தண்ணீர் பாட்டிலை அவள் கண்முன்னே திறந்தேன். மாத்திரை என்று சொல்லியே கொடுத்தேன், வேண்டாம் என்றால் இருபது நிமிஷம் கழித்து மறுபடி.

இன்னொரு மறைப்பு இதைவிட மோசம். அம்மா பல வருஷமாக ராத்திரி அரை அல்பிரசோலம் போட்டுத்தான் தூங்குவாள். எந்தக் காலத்திலோ எழுதிய சீட்டு, தெருமுனை மெடிக்கலில் வாங்குவது. அட்மிஷனில் கேட்டபோது பிரஷர், சுகர் மாத்திரைகளைச் சொன்னோம், இதைச் சொல்லவில்லை. ‘தூக்க மாத்திரைதானே’. இந்த ரகத்தை நாள்பட எடுத்தவர் சட்டென்று நிறுத்தினாலும் குழப்பம் வரும், வயதானவருக்குப் புதிதாகக் கொடுத்தாலும் வரும். அரிப்புக்கும் சளிக்கும் போடும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மருந்துகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. நாட்டு மருந்து, சூரணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்பா தினமும் குடிப்பவரா? கௌரவம் பார்க்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குடி நின்ற இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் வரும் நடுக்கமும் பிரமையும் உயிரைக் குடிக்கக்கூடியவை. அதற்குச் சிகிச்சை வேறு.

“ஒரு ஊசி போட்டுத் தூங்க வெச்சிருங்க”

மூன்று ராத்திரி கண் விழித்தவர் இப்படிக் கேட்பது எனக்குப் புரிகிறது, நானும் கேட்டேன். மயக்க ஊசி குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. பல சமயம் நீட்டிவிடும். டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்து தனக்கே ஆபத்து தேடிக்கொள்ளும் நிலையில் டாக்டர் குறைந்த அளவில் கொடுக்கலாம், அது அவர் முடிவு. ஆனால் பார்க்கின்சன் நோய் இருப்பவர் என்றால் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லுங்கள். இந்தச் சமயத்தில் வழக்கமாகப் போடும் ஹேலோபெரிடால் அவர்களுக்கு ஆகாது.

கையைக் கட்டிலோடு கட்டுவதும் அப்படித்தான். கட்டினால் மிரட்சி கூடும், திமிறுவதில் காயம் படும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் கட்டத் தேவைப்படாது. “யூரின் டியூப் இன்னும் தேவையா டாக்டர்?” என்று தினமும் ஒருமுறை கேளுங்கள். அதுவே தொற்றுக்கு வழி, அதுவே ஒரு கட்டு. பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள், ராத்திரி டியூப்லைட்டை அணைத்து ஒரு சின்ன விளக்கு போதும்.

திருநீறு பூசுவதிலோ மந்திரிப்பதிலோ எனக்குச் சண்டை இல்லை. பழகிய மணம் மனசுக்கு இதம்தான். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு மந்திரிக்கப் போனால்தான் வம்பு.

“வீட்டுக்குப் போனா சரியாயிடும்”

அரை உண்மை. பழகிய இடம் உதவும். ஆனால் தொற்றும் சோடியமும் சரியாகாமல் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனால் பாதி வழியில் திரும்ப வேண்டிவரும். நாங்கள் வீட்டை இங்கே கொண்டுவந்தோம். ஐந்தாம் நாள், முட்டிவலியோடு அப்பாவை டாக்சியில் ஏற்றி வந்தோம். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “காபி குடிச்சியா?” என்றார். அம்மா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துப் பார்த்தாள். “இந்தச் சட்டைய யாரு இஸ்திரி போட்டா?” என்று கேட்டாள்.

அன்று ராத்திரியும் தடுமாறினாள்தான். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தது, தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க ஏற்பாடு ஆகியிருந்தது. முழுத் தெளிவுக்கு மூன்று வாரம் ஆயிற்று. சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். அதற்குப் பிறகும் பழைய நிலைக்கு வராவிட்டால் நரம்பியல் டாக்டரிடமோ முதியோர் மருத்துவரிடமோ காட்டுங்கள். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த மறதி நோய் இப்படி வெளிப்படுவதும் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் தவறு ஒன்று பாக்கி. “ஆஸ்பத்திரில என்ன ஆட்டம் ஆடினே தெரியுமா?” என்று கல்யாணம் காட்சியில் கதையாகச் சொல்வது. பலருக்கு அதில் பாதி ஞாபகம் இருக்கும், வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள். அம்மா ஒருநாள் மொச்சை உரித்துக்கொண்டே, “அந்த வார்டுப் பையனை ரொம்பத் திட்டிட்டேனோ?” என்று கேட்டாள். “அது உடம்பு பண்ணின வேலைம்மா” என்றேன். பத்திர விஷயம் அவளுக்கு நினைவில்லை. அண்ணனுக்கு இருக்கிறது. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நாங்களும் எடுப்பதில்லை.

போன மாதம் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன். முதல் நாள் ராத்திரியே கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மாத்திரைச் சீட்டை என் கையில் கொடுத்தாள். அல்பிரசோலம் நிறுத்திய தேதி முதற்கொண்டு அதில் இருந்தது. “காது மெஷின் எனக்கு இல்ல,” என்றாள், “கண்ணாடிய மட்டும் அந்தப் பைக்குள்ள போட்டுடாதே.”