முசோர்க்ஸ்கியின் மூக்கு: ஆயிலில் முகம் வரையப் பழக ஒரு வழி

ஆயில் பெயிண்டில் முகம் வரையப் பழக எதைப் பார்த்துப் போடலாம் என்று கேட்டால் பலரும் டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துத் தோடு போட்ட பெண்ணைக் கைகாட்டுவார்கள். நான் மாட்டேன். அந்த வழுவழு கன்னத்தில் ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று புதிதாகப் பழகுகிறவருக்குப் பிடிபடாது. அதற்குப் பதில் ரஷ்ய ஓவியர் இலியா ரெபின் 1881-இல் வரைந்த இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியை எடுங்கள். பீட்டர்ஸ்பர்க்கின் ராணுவ மருத்துவமனையில் நான்கே நாளில் வரைந்தது, அதுவும் கான்வாஸை நிறுத்திவைக்கும் ஈசல் ஸ்டாண்டுகூட இல்லாமல். அடுத்த இரண்டு வாரத்துக்குள் முசோர்க்ஸ்கி இறந்துவிட்டார், வயது 42. பூசிமெழுக நேரம் இல்லாததால் பிரஷ் தடமெல்லாம் அப்படியே தெரிகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

மூலப்படம் மாஸ்கோவில் திரெத்யாகோவ் காலரியில் இருக்கிறது. நல்ல பிரிண்ட் ஒன்று எடுத்து, மேலே கண்ணாடித் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மொபைல் திரையைப் பார்த்து வரைவது சரிப்படாது, பிரைட்னஸ் மாறினால் நிறமும் மாறிவிடும். டியூப் நாலு போதும்: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு. அடியில் போடும் முதல் பூச்சுக்கு மட்டும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு.

பிரிண்டிலும் கான்வாஸிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்துக் கோடு எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் அம்பரை டர்பென்டைனில் தண்ணியாகக் கரைத்து நிழல் பகுதிகளை மட்டும் தேய்த்துவிட்டு, வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பிரிண்டும் உங்கள் கான்வாஸும் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, இங்கேயே திருத்துங்கள், நிறம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆகாது.

இனி மூக்கு. அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது அந்தச் சிவந்த மூக்குதான், நானும் முதல் தடவை சிவப்பை டியூபிலிருந்து அப்படியே அப்பி அவரை சர்க்கஸ் கோமாளி ஆக்கிவிட்டேன். ஒரு வெள்ளை அட்டையில் மிளகளவு ஓட்டை போட்டு மூக்கின் மேல் வைத்துப் பாருங்கள். நீங்கள் நினைத்த சிவப்பு அங்கே இருக்காது, மங்கலான செங்கல் நிறம்தான் தெரியும். சுற்றியுள்ள தோல் சாம்பல் பூத்துக் கிடப்பதால்தான் அது அவ்வளவு சிவப்பாக அடிக்கிறது. ஆகவே முதலில் கண்ணுக்குக் கீழே, கன்னத்து ஓரத்தில் எல்லாம் ஆக்கர், வெள்ளை, துளி கறுப்பு கலந்து போடுங்கள். ஆக்கருக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் நீலமாகவே தோன்றும், தனியாக நீல டியூப் தேவையில்லை. கலந்த நிறத்தைக் கத்தி முனையில் எடுத்து பிரிண்ட் மேல் வைத்து ஒப்பிடுங்கள். கண்ணாடித் தாள் அதற்குத்தான், துடைத்துக்கொள்ளலாம்.

ஒரு தீற்று வைத்தால் விட்டுவிடுங்கள். இரண்டு நிறம் சேரும் இடத்தை பிரஷ்ஷால் தடவிக்கொண்டே இருந்தால் முகம் சேறாகிவிடும். தாடியை முடி முடியாக எண்ணாமல் ஒரு பெரிய இருட்டாகப் போட்டு, காய்வதற்கு முன் ஓரங்களைக் காய்ந்த பிரஷ்ஷால் லேசாக இழுத்தால் போதும். அங்கியின் பச்சைக்கு ஆக்கரும் கறுப்பும் சேர்த்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

மேலே போடும் ஒவ்வொரு பூச்சுக்கும் முந்தையதைவிட ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் கூட இருக்கட்டும், தலைகீழாகச் செய்தால் பின்னாளில் பெயிண்டில் வெடிப்பு விழும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் குவித்து வைக்காதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் முக்கி, மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயப் பல நாள் ஆகும், வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். அதுவரை சும்மா இருக்காமல் மூக்கை மட்டும் ஒரு சின்ன அட்டையில் இன்னும் மூன்று தடவை போடுங்கள், எனக்கு நாலாவதில்தான் வந்தது.