கடல் பாம்பைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மதுரையிலிருந்து இராமேசுவரம் சென்று நீராடித் திரும்புவோரில் யாராவது ஒருவரிடம், மணலில் கிடந்த பாம்பைப் பற்றிய கதை ஒன்று இருக்கும். வால் துடுப்பைப் போல் பட்டையாக இருந்தது என்பார் அவர். கடல் பாம்புக்கு வாய் சிறியது, அதனால் கடிக்க முடியாது என்று கூட வந்தவர் விளக்கம் தருவார். மதுரைக்காரர்களுக்குப் பாம்பு புதிதல்ல. வாலை வாயில் கவ்வி நகரின் எல்லையைக் காட்டிய பாம்பினால் ஆலவாய் என்ற பெயர் வந்தது என்கிறது தலபுராணம். மேற்கே நாகமலை படுத்துக் கிடக்கிறது. ஆனால் வயலிலும் வரப்பிலும் பாம்பை அறிந்தவர்கள் அந்த அறிவை அப்படியே கடற்கரைக்கும் எடுத்துச் செல்லும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

எல்லாவற்றுக்கும் வேராக இருக்கும் தவறு, கடலில் வாழும் பாம்புகள் அனைத்தும் ஒரே மாதிரியானவை என்று எண்ணுவது. நாகப்பாம்பும் கட்டுவிரியனும் அடங்கிய எலாப்பிடே குடும்பத்திலிருந்து இரண்டு கிளைகள் தனித்தனியே கடலுக்குள் சென்றன. ஒரு கிளை முழுக்கக் கடலுக்கே ஆகிவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட அந்தக் கிளையைச் சேர்ந்தவையே மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வலைகளில் சிக்குபவை. மற்றொன்று லாட்டிகாடா என்னும் பேரினம். அதில் 8 இனங்கள் மட்டுமே உண்டு. கடல் கட்டுவிரியன் என்று சொல்லத்தக்க இவை கடலில் இரை தேடி, கரையில் ஓய்வெடுத்து, இரண்டு இடத்திலும் வாழ்பவை. இந்தியாவில் இவற்றை இயல்பாகக் காணக்கூடிய இடம் அந்தமான் நிக்கோபார் தீவுகளே. நமது கரையில் இவற்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை. இரு கிளைகளுக்கும் வால் துடுப்பாகவே அமைந்திருக்கிறது என்பதால் வாலை மட்டும் பார்த்து முடிவு செய்வோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வயிற்றைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கடல் கட்டுவிரியனுக்கு நிலத்துப் பாம்புகளுக்கு இருப்பது போன்ற அகன்ற வயிற்றுச் செதில்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஊன்றி அது பாறையிலும் ஏறும். மற்றக் கிளையின் பெரும்பாலான பாம்புகளுக்கு அச்செதில்கள் குறுகிப்போய்விட்டதால், தரையில் போட்டால் நகர வழியின்றித் துவண்டு கிடக்கும். நாசித்துளைகள் கடல் கட்டுவிரியனுக்குப் பக்கவாட்டிலும், மற்றவற்றுக்குத் தலையின் மேற்புறத்திலும் அமைந்துள்ளன. கடல் கட்டுவிரியன் கரையேறி முட்டையிடும். மற்றவை நீருக்குள்ளேயே குட்டி ஈனும்.

இதை அறியாததால் நேரும் தவறு, இடத்துக்கு இடம் நேரெதிராக மாறுவதுதான் வியப்பு. தனுஷ்கோடி மணலில் அசையாமல் கிடக்கும் கடல் பாம்பை, வெயில் காய்கிறது என்றோ செத்துவிட்டது என்றோ எண்ணிக் காலால் புரட்டிப் பார்க்கிறார்கள். அது விரும்பி அங்கு வந்திருக்காது. அலை அதை ஒதுக்கியிருக்கலாம், நோயுற்றிருக்கலாம், வலையிலிருந்து உதறப்பட்டிருக்கலாம். நகர முடியாத பாம்பு கடிக்கவும் முடியாத பாம்பு என்று கொள்ளக் கூடாது. இரக்கப்பட்டு அதைக் கையால் தூக்கிக் கடலில் விட முயல்வதும் அதே அளவு ஆபத்தானது. விலகி நின்று வனத்துறைக்குச் சொல்வதே போதும்.

அந்தமானுக்குச் சுற்றுலா செல்பவர் செய்யும் தவறு வேறு. அங்கே பாறை இடுக்கில், நீலச் சாம்பல் உடலில் கறுப்புப் பட்டைகளும் மஞ்சள் உதடுமாகச் சுருண்டிருக்கும் பாம்பைப் பார்த்து, பாவம், கரை ஒதுங்கிவிட்டது என்று குச்சியால் நீருக்குள் தள்ளிவிடுகிறார்கள். அது கரைக்கு வந்தது காரணத்தோடுதான். அதன் இரை பெரும்பாலும் அஞ்சாலை முதலிய விலாங்கு வகை மீன்கள். தன் உடலுக்குப் பெரிதான விலாங்கை விழுங்கிய பின் அதனால் விரைந்து நீந்த முடியாது. ஆகவே கரையேறி, வெயிலின் சூடு ஏறிய கல்லுக்கடியில் ஒதுங்கி, நாட்கணக்கில் இருந்து செரிக்கிறது. சட்டை உரிப்பதும், இணை சேர்வதும், முட்டையிடுவதும் கரையில்தான். தன் வாழ்நாளில் ஏறத்தாழப் பாதியை அது நிலத்தில் கழிக்கிறது என்றே சொல்லலாம். பிஜித் தீவுகளில் ஒரு தீவில் பிடித்த பாம்புகளை வேறொரு தீவில் விட்டுப் பார்த்தபோது, அவை தம் பழைய தீவையே தேடித் திரும்பின. அப்படிப்பட்ட உயிரைச் செரிமானத்தின் நடுவே கடலுக்குள் தள்ளுவது, விருந்துண்டு கண்ணயர்ந்தவரை வைகை வெள்ளத்தில் தள்ளுவதற்குச் சமம்.

கடலில் வாழ்வதால் கடல்நீரையே குடிக்கும் என்பது படித்தவர்களிடமும் உள்ள தவறான கருத்து. இப்பாம்புகளின் நாக்கின் அடியில் உப்பை வெளியேற்றும் சுரப்பி இருப்பது உண்மைதான். ஆனாலும் தைவானில் கடல் கட்டுவிரியன்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், உடலில் நீர் வற்றிய நிலையிலும் அவை கடல்நீரைக் குடிக்காமல், நன்னீரையோ உப்பு மிகக் குறைந்த நீரையோ மட்டுமே குடித்தன. கரைக்கு வரவே வராத மஞ்சள் வயிற்றுக் கடல் பாம்புகூட, மழை பெய்யும்போது கடலின் மேற்பரப்பில் தற்காலிகமாகத் தேங்கும் நன்னீரைக் குடித்தே தாகம் தீர்க்கிறது. கண்மாயில் நீர் வற்றினால் மட்டுமே வறட்சி என்று எண்ணும் நமக்கு, நடுக்கடலில் மாதக்கணக்கில் தாகத்தோடு ஒரு பாம்பு மிதக்கும் என்பது நம்ப முடியாததாகத்தான் இருக்கும்.

மீனைப் போல் செவுளால் மூச்சு விடும் என்பதும் பிழை. எல்லாக் கடல் பாம்புகளும் மேலே வந்து காற்றை உள்ளிழுத்தே ஆக வேண்டும். மஞ்சள் வயிற்றுப் பாம்பு தனக்குத் தேவையான உயிர்வளியில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலின் வழியே பெறக்கூடும். அதற்கும் நுரையீரல் இன்றியமையாதது. இழுவை வலைக்குள் நெடுநேரம் சிக்கினால் இவை மூச்சுத் திணறியே இறக்கின்றன.

இனம் காண்பதில் வரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டைகள் கொண்டதெல்லாம் கடல் பாம்பு அல்ல. கடல் கட்டுவிரியனின் வரிகளை அப்படியே ஒத்த பாம்பு விலாங்கு ஒன்று உண்டு, ஆனால் அது மீன். மீன் சந்தையில் கூடையில் நெளியும் விலாங்குக்குச் செதில் வரிசை தெரியாது, செவுள் திறப்பு தெரியும். தெப்பக்குளத்திலோ வைகையிலோ தென்படும் நீர்க்கோலி கடலிலிருந்து வந்ததும் அல்ல, நஞ்சுள்ளதும் அல்ல. அதன் வால் உருண்டு கூர்ந்து முடியும். அதே நேரத்தில், வயலோரம் இரவில் திரியும் கட்டுவிரியனைத் தண்ணீர்ப் பாம்பு என்று அலட்சியம் செய்யவும் கூடாது.

வாய் சிறியது, பல் உள்ளே இருக்கிறது, ஆகவே கடிக்காது என்ற நம்பிக்கைக்கு வருவோம். கடல் பாம்பின் நச்சுப் பற்கள் குட்டையானவை. எனினும் அவை நாகப்பாம்புக்கு இருப்பது போலவே மேல்தாடையின் முன்புறத்தில் இருக்கின்றன. தன் தலையைவிடப் பெரிய மீனை விழுங்கும் வாய்க்கு மனிதனின் விரலோ கணுக்காலோ பெரிதல்ல. கடல் கட்டுவிரியன் சாதுவானது, கையில் பிடித்து நெருக்கினாலன்றிப் பெரும்பாலும் கடிக்காது என்பது சரி. அந்தச் சான்றிதழை எல்லாக் கடல் பாம்புகளுக்கும் வழங்கிவிடுவதுதான் தவறு. சேறு கலங்கிய ஆழமற்ற நீரில் கெளுத்தியைத் தேடித் திரியும் அலகுமூக்குக் கடல் பாம்பு எளிதில் சீறிக் கடிக்கக்கூடியது. பழைய விலங்கியல் நூல்களில் அதற்கு வலகடியன் என்றே ஒரு பெயர் பதிவாகியிருக்கிறது. வலையைக் கடிப்பவன் என்று பொருள் தரும் அப்பெயரை, வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுத்தவர்கள்தாம் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு எதிர்முனையில், நாகத்தைவிடப் பல மடங்கு நஞ்சுடையது என்று சொல்லிச் சொல்லியே அச்சுறுத்துவோரும் உள்ளனர். எலியின் உடலில் ஒரு துளி நஞ்சு என்ன செய்கிறது என்ற அளவீடு வேறு. ஒரு பாம்பு எவ்வளவு நஞ்சைச் செலுத்துகிறது, எத்தனை முறை நஞ்சே செலுத்தாமல் கடிக்கிறது, மனிதரோடு எத்தனை முறை எதிர்ப்படுகிறது என்பவை வேறு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றில் மிகப்பெரும்பாலானவை கிராமப்புறங்களில் நிலத்துப் பாம்புகளால் நேர்ந்தவை.

ஆயினும் கடிபட்டவருக்குக் கணக்குகளால் பயனில்லை. அங்கே செய்யும் தவறுகளே உயிரைப் பறிப்பவை. கடல் பாம்பு கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. முள் குத்தியது போன்ற புள்ளிகள் மட்டும் தெரியலாம். வலி இல்லையே என்று நீராடலைத் தொடர்ந்து, சாப்பிட்டு, பேருந்தேறி ஊருக்குப் புறப்படுவதுதான் மிகப் பெரிய பிழை. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் உடல் முழுவதும் தசைவலியும் இறுக்கமும் தொடங்கும், வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகும், இமைகள் தொங்கும், மூச்சுத் தசைகளும் தளரலாம். கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது, பச்சிலை தேடி அலைவது ஆகிய எதையும் செய்யலாகாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் கட்டி, 108 ஊர்தியில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மருந்து போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணத்திலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுவது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரிப்பதும் இந்நான்கின் நஞ்சுதான். கடல் பாம்பின் நஞ்சை முறிப்பதற்காக அம்மருந்து உருவாக்கப்படவில்லை. ஆகவே செயற்கைச் சுவாசக் கருவியும் சிறுநீரகச் சுத்திகரிப்பும் உள்ள மருத்துவமனையை உரிய நேரத்தில் அடைவதே பிழைக்க வழி. நஞ்சினால் சிதையும் தசையின் நிறமி சிறுநீரில் கலந்து அதைப் பழுப்பாக்கும். சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும் என்பதற்கு அதுவே அறிகுறி. கடித்த நேரத்தையும், இமை தொங்கத் தொடங்கிய நேரத்தையும், சிறுநீர் நிறம் மாறிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுப்பது, அடித்துக் கொன்ற பாம்பை உரச்சாக்கில் கட்டித் தூக்கிச் செல்வதைவிட அவருக்கு மிகுதியாக உதவும்.