அழைப்புத் தடமெடுக்கும் நிரலை எளிமையாக்கிய அனுபவம்

இலங்கையின் ஹட்டன் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் ஈரப்பதனை அளக்கும் ஏஆர்எம்64 (64 பிட் ஏஆர்எம் செயலி) கருவிகளுக்காக நாங்கள் பராமரிக்கும் சிறிய கேர்னலில் (இயங்குதளத்தின் மையக்கரு), பிழை நேர்ந்ததும் அச்சாக வேண்டிய அழைப்புத் தடம் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை) சில வேளைகளில் ஒரே இரண்டு முகவரிகளை முடிவின்றிக் காட்டிக்கொண்டிருந்தது. பிழையின் காரணத்தைச் சொல்ல வேண்டிய நிரலே கருவியை முடக்குவதை ஏற்க முடியாமல், அதனை வரி வரியாக மீளாய்வு செய்தேன்.

அடிப்படை எளிது. அழைப்புகளின் விவரம் அடுக்கு (stack) எனும் நினைவகப் பகுதியில் பதிவுகளாக இருக்கும். செயலியின் எக்ஸ்29 பதிவகம் சுட்டும் 16 பைட் பதிவின் முதல் 8 பைட்டில் முந்தைய பதிவின் முகவரியும், அடுத்த 8 பைட்டில் திரும்பும் முகவரியும் இருக்கும். எங்கள் நிரலிலோ பணி அடுக்கு, குறுக்கீட்டு அடுக்கு, அடுக்கு நிரம்பி வழிந்தால் பயன்படும் அவசர அடுக்கு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வளையங்கள் (திரும்பத் திரும்ப இயங்கும் நிரற்பகுதிகள்) இருந்தன. குறுக்கீட்டு அடுக்குக்கான வளையத்தில், புதிய முகவரி பழையதைவிட உயர்ந்ததா என்ற சோதனையே இல்லை. அடுக்கு கீழ்நோக்கி வளர்வதால், அழைத்த செயற்கூற்றை நோக்கிப் போகும்போது முகவரி ஏறிக்கொண்டே செல்ல வேண்டும் என்பதுதான் இங்கு உயிர்நாடி.

மூன்றையும் ஒரே வளையமாக்கினேன். முகவரி 8இன் மடங்கா, 16 பைட்டும் அடுக்கின் எல்லைக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்தபின், படித்த பதிவுக்கு மேலே அந்த அடுக்கின் கீழெல்லையை உயர்த்திவிடுகிறேன். விட்டு வெளியேறிய அடுக்கு, படிக்கக்கூடிய அடுக்குகளின் பட்டியலிலிருந்தே நீங்குகிறது. நினைவகம் எவ்வளவு சிதைந்திருந்தாலும் பதிவுகளின் வழியான இந்த நடை நின்றே தீரும் என்ற இந்த உறுதியை, குறைந்த வரிகளைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தன்னையே சுட்டும் பதிவொன்றை வேண்டுமென்றே எழுதிச் சோதித்தபோது, அதன் திரும்பும் முகவரியை ஒரே முறை அச்சிட்டுவிட்டுத் தடமெடுப்பு நின்றது.