அடை வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

திருகோணமலையில் கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் முட்டையை ஒரு கிழமை சேர்த்து வைத்து அடை வைத்தால் பாதி கூழாகிவிடும். கோழி படுக்காமலே, வீட்டுச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போவதுதான் காரணம். நான்கு நாளுக்கு மேற்படாத முட்டையாக எடுங்கள். ஈரமணல் பரப்பிய மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்க, நிழலில் வையுங்கள். கழுவக்கூடாது, ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே போகும்.

ஊர்க்கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். அதற்குமேல் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு கிடைக்காது. வைக்குமுன் கோழியில் பேன் இருக்கிறதா என்று இறக்கைக்கடியில் பாருங்கள். பேன் கடித்தால் இடையில் எழும்பிவிடும்.

ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு உண்டு. வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு தொடவேண்டாம். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். ஓட்டை நாம் உடைத்து உதவினால் இரத்தம் கசிந்து குஞ்சு சாகலாம், பொறுத்திருங்கள்.

முதல் நாள் தீன் அவசரமில்லை, வயிற்றில் மஞ்சட்கரு இருக்கிறது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனையும். பிறகு குஞ்சுத்தீன், இல்லையென்றால் குறுணல். மாரியில் குஞ்சுகளுக்குக் கீழே பரப்பிய உமி நனைந்தால் உடனே மாற்றுங்கள்; ஈர உமியில்தான் இரத்தக்கழிச்சல் பரவும்.